ஆரோக்கியமேரிக்குப் போன மண்

11-8-1996: ஒரு கிலோ மண்ணில் டீசல் 31 கிராம்.
9-2-1997: 22 கிராம். சாணம், யூரியா செலவு 410 ரூபாய்.
10-8-1997: 13 கிராம்.
15-2-1998: 5 கிராம்.
16-8-1998: ஒரு கிராமுக்கும் கீழே.

பெங்களூர் ஜோகுபாளையத்தில் என் பக்கத்து வீட்டுக்காரர் தாஸின் கொல்லை மண் இது. தாஸ் கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர். விருப்ப ஓய்வில் வந்த பணத்தில், மனைவி ஆரோக்கியமேரிக்குக் காட்டாமலே இந்த வீட்டை வாங்கிவிட்டார். கொல்லைச் சுவருக்கு அப்பால் ஒரு பழைய லாரி ஷெட். அதன் நிலத்தடி டீசல் தொட்டி ஓட்டையாகிப் பல வருஷம் கசிந்திருந்தது. அந்த அம்மாள் மூன்று முறை கறிவேப்பிலைக் கன்று நட்டார், மூன்றும் கருகின.

"கறிவேப்பிலைகூட வராத இடத்துல நான் குந்திகினு இன்னா பண்றது? மண்ண சரி பண்ணிட்டுக் கூப்பிடு" என்று சொல்லிவிட்டுத் தங்கவயலுக்கே, தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். தாஸும் வீம்புக்காரர். மண் சரியாகாமல் மனைவி முகத்தில் விழிப்பதில்லை என்று இருந்துவிட்டார்.

சிந்து என்ற ஆராய்ச்சி மாணவி இப்படிப்பட்ட மண்ணைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். மண்ணில் இருக்கும் சில பாக்டீரியாக்களுக்கு டீசலே சாப்பாடு, ஈரமும் காற்றும் சாணமும் கொடுத்தால் பெருகித் தின்றுவிடும் என்றாள். சிமென்ட் தொட்டியில் பச்சைப் பாசி வளர்த்தாள். பாசி விடும் பிராணவாயுவில் பாக்டீரியா மூச்சுமுட்டாமல் வேலை செய்யுமாம். ஞாயிறுதோறும் தாஸ் அந்தப் பச்சைத் தண்ணீரை ஊற்றி மண்ணைப் புரட்டுவார். முதல் கட்டியை உடைத்து முகர்ந்து பார்த்த பிறகே மண்வெட்டியை எடுப்பார். சுரங்கத்தில் வெடி வைத்த பின் காற்றை முகராமல் உள்ளே போகமாட்டார்களாம்.

மாதம் ஒருமுறை ஒரு பிடி மண்ணைச் செய்தித்தாளில் மடித்து விஜய்குமாரிடம் கொடுப்பார். விஜய்குமார் சிவாஜிநகரில் டீசல் பம்ப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலை செய்பவன். தினமும் மாரிகுப்பம் ரயிலில் தங்கவயலுக்குத் திரும்புவான். ஆரோக்கியமேரி அதை முகர்ந்து பார்த்து எழுதும் பதில் தபால் கார்டில் வரும். எப்போதும் இரண்டே சொல்: "இன்னும் நாறுது."

ஒரு கிராமுக்கும் கீழே போன அன்று தாஸ் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார். புதுத் தலையணை ஒன்று வாங்கினார். கார்டு வந்தது: "இன்னும் நாறுது."

சிந்து மறுபடி சோதித்தாள். அதே அளவுதான். நேரில் போய்க் கூட்டிக்கொண்டு வரச் சொன்னேன்.

"அவ மூக்கு பொய் சொல்லாது சார். எங்கியோ பாக்கி இருக்குது."

மறுபடியும் புரட்டினார். டிசம்பர்வரை அப்படியே போயிற்று. மாலை ரயில் கிளம்பும் நேரத்துக்குக் கொல்லைக்கு வந்து, பாசித் தொட்டியைப் பிடித்தபடி நிற்பார். பேச்சுக் கொடுத்தால் காதில் விழாது. அந்தத் தலையணை உறை பிரிக்காமலே கட்டிலில் கிடந்தது.

கிறிஸ்துமஸுக்கு ஆரோக்கியமேரி விஜய்குமாரிடம் கல்கல் என்ற இனிப்புப் பலகாரம் கொடுத்தனுப்பினார். தாஸ் எனக்கு முதலில் நீட்டினார். வாயில் போட்டவன் தண்ணீர்ச் சொம்பைத் தேடினேன். அவரும் ஒன்றைக் கடித்தார். மென்றுகொண்டிருந்தவர் நிறுத்தினார்.

"டேய் விஜி, எங்க வூட்டு மண்ண எதுல வச்சி எடுத்துட்டுப் போற?"

"இந்தப் பையிலதாண்ணா. வேற எதுல?"

பையைத் திறந்து காட்டினான். டீசல் ஊறிய பட்டறைச் சட்டைதான் உள்ளே இருந்தது. கல்கல் பொட்டலமும் அதன் அடியில்தான் வந்திருந்தது.

"என் சம்சாரத்த உன் சட்டைய மோந்து பாக்க வச்சிருக்கியேடா" என்றார் தாஸ். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜனவரியில் மண் மூடி இறுகிய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போனது. அதற்கு வந்த கார்டை என்னையே படிக்கச் சொன்னார்.

"மண்ணு வாசம்தான் வருது. கறிவேப்பிலக் கன்னு வாங்கிட்டேன். ஞாயித்துக்கிழம கண்டோன்மென்ட் ஸ்டேஷன்ல வந்து நில்லு."

அதன் பிறகு அவர்களுக்குள் கடிதம் தேவைப்படவில்லை. அந்தக் கடைசிக் கார்டு வந்த தேதி 20-1-1999.