பறக்கும் உரலுக்குப் பயன் சொன்னவள்

கோயிலில் புராணம் படிக்கிற ஆள் நான். ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாரும் நான்தான். இவ்வளவு பெருமையையும் வைத்துக்கொண்டு ஒருவன் பறக்கும் உரல் கதை படிக்கலாமா என்று கேட்டால், படிக்கலாம், ஆனால் ஒருவரும் பார்க்கக் கூடாது. பெரிய சண்டை தொடங்குவதற்கு முந்திய வருடங்களில், சுன்னாகம் ரயில் நிலையத்தடிக் கடையொன்றுக்கு அந்தச் சின்னப் புத்தகங்கள் பாகம் பாகமாக வரும். நான் அவற்றை மரக்கறிப் பையின் அடியில் வைத்து, மேலே கத்தரிக்காயைப் போட்டு, பண்டத்தரிப்புக்குச் சைக்கிளில் கொண்டுவந்து சேர்ப்பேன்.

கதை இதுதான். ஒரு சோம்பேறி இளவரசன். குதிரையில் ஏறினால் அவனுக்கு இடுப்பு நோகும். அதனால் ஒரு முனிவர் இரங்கி அவனுக்குப் பறக்கிற உரல் ஒன்றைக் கொடுத்துவிடுகிறார். அதில் குந்திக்கொண்டு, உலக்கையைத் துடுப்பாக வலித்து, அவன் மலை மலையாகத் தாண்டிப் போவான். எதிரே வருகிற அரக்கர்களில் ஒருவனுக்கு இருட்டென்றால் பயம், இன்னொருவனுக்குப் பல்லுக்கொதி, தீராத பல்வலி. வகுப்பில் பிள்ளைகளின் கணக்கை மூன்று தரம் சரிபார்க்கிற நான், அந்தக் கல்லுரல் காற்றில் எப்படி நிற்கிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்காமல் இருப்பதுதானே அதில் சுகம்.

அந்த வருடங்களில் ஒன்றில்தான் எங்களுக்கு முதற்பிள்ளை பிறந்தது. உயிரில்லாமல் பிறந்தது. என் மனைவிக்கு மயக்கம் தெளியமுன் அண்ணையும் நானும் பிள்ளையைக் கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு வந்தோம். தாய்க்கு ஒன்றும் விபரம் சொல்ல வேண்டாம், சொன்னால் தாங்கமாட்டாள் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவளும் கேட்கவில்லை. எதுவுமே கதைக்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தவள் படுத்தவள்தான். அவளுடைய அக்கா வந்து நின்று பிள்ளை பெற்றவளுக்கென்று ஆக்கிக் கொடுத்த சரக்குக் கறியும் சோறும் வைத்தபடி ஆறிக் கிடக்கும். பிள்ளைக்குப் பின்னால் இவளும் போய்விடுவாளோ என்று நான் பயந்தேன். அந்தப் பயத்தை யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

முப்பத்தொரு நாள் துடக்கு. கோயில் வாசலை மிதிக்கக் கூடாது. அந்த மாதம் பார்த்துத்தான் அங்கே புராணம் நடந்தது, எனக்குப் பதிலாக இன்னொருவர் படித்தார். அவருடைய குரலைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, செய்ய வேலை ஒன்றும் இல்லாமல், அவள் படுத்திருந்த அறைக்குள்ளேயே இருந்து ஒரு பழைய பாகத்தைப் புரட்டினேன். பல்லுக்கொதி அரக்கன் தாடையைத் துணியால் கட்டிக்கொண்டு சண்டைக்கு வரும் இடத்தில் என்னை மறந்து சிரித்துவிட்டேன். சிரித்த பிறகு வெட்கத்தில் செத்துப்போனேன்.

"என்ன சிரிக்கிறியள்?"

சுவர்ப் பக்கமிருந்துதான் வந்தது. பதினொரு நாளுக்குப் பிறகு அவள் சொன்ன முதல் வார்த்தை. பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அரக்கனுக்குப் பல்லுக்கொதி என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு, முதலாம் பாகத்தைத் தேடி எடுத்து உரக்கப் படிக்கத் தொடங்கினேன்.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. புராணம் படிக்கிறவன் ஓர் அடியைப் படித்துவிட்டு நிறுத்த வேண்டும். பக்கத்தில் இருப்பவர் அதற்குப் பயன் சொல்வார், அதாவது பொருளை விரித்துச் சொல்வார். பிறகுதான் அடுத்த அடி. பத்து வருடம் அப்படிப் படித்த வாய்க்கு வேறு விதமாகப் படிக்கத் தெரியாது. "இளவரசன் உரலில் ஏறி அமர்ந்தான்" என்று படித்து நிறுத்தினேன். அடுத்த வரிக்குப் போக வாயைத் திறந்தேன்.

"ஏறினவன் சரி," என்றாள் அவள். "அந்த உரலைக் கழுவித் துடைச்சு வைச்சது ஆர்? அவவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை."

அவளுடைய தகப்பன் அந்தப் பகுதியில் பேர்பெற்ற பயன் சொல்லி. ரத்தம் எங்கே போகும்? அன்றிலிருந்து தினமும் பின்னேரம் நான் ஒரு வரி படிப்பேன், அவள் சுவரைப் பார்த்தபடியே பயன் சொல்வாள். இளவரசனின் சோம்பலுக்குத் தாய் கொடுத்த செல்லம்தான் காரணம் என்றாள். முனிவருக்கு வீட்டில் உரல் இல்லாமற் போனால் மனைவி சும்மா விடுவாளா என்று கேட்டாள். நாலாம் பாகத்தில் அவள் என் பக்கம் திரும்பிப் படுத்தாள். ஐந்தாம் பாகத்தில் கேட்டபடியே ஒரு கோப்பை சோறு சாப்பிட்டாள். அகப்பையோடு வாசலில் நின்ற மச்சாள், அவளுடைய அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனது எனக்குத் தெரியும்.

ஏழாம் பாகம் புதிதாக வந்தது. நான் முன்பே படித்துப் பார்க்கவில்லை, அதுதான் பிழை. அதில் இருட்டுக்குப் பயந்த அரக்கன் துணைக்கு ஆள் வேண்டுமென்று ஒரு நெசவுக்காரியின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகிறான். "பிள்ளையை எங்கே கொண்டுபோய் வைத்தான் என்பது தாய்க்குத் தெரியாது" என்று படித்தேன். என் பாழாய்ப்போன வாய் அந்த இடத்தில் நின்றது.

அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"இதுக்கு நீங்கள் பயன் சொல்லுங்கோ."

நான் படிக்கிற ஆள், பயன் சொல்லத் தெரியாது என்று சமாளித்தேன். அவள் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் புத்தகத்தை மூடினேன்.

"எங்கடை பனங்காணியிலை, கிழக்கு வேலிக் கரையிலை," என்றேன். "நான் கோயிலுக்குப் போட்டுக்கொண்டு போற சால்வையிலை சுத்தித்தான் வைச்சனான். பொம்பிளைப் பிள்ளை."

"தலைமயிர் இருந்ததோ?"

"ஓம். நிறைய. உம்மடை நெத்தி."

அப்போதுதான் அவள் அழுதாள். பிள்ளை போன நாளுக்குப் பிறகு முதற்தடவையாக, வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன். மச்சாள் ஓடிவந்து பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனாள். அழுது ஓய்ந்த பிறகு அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள்.

"சரி, படியுங்கோ. அந்தப் பிள்ளை கிடைக்குதோ பாப்பம்."

புத்தகத்தை விரித்தேன். கண்ணீரில் எனக்கு ஓர் எழுத்தும் தெரியவில்லை. அவள் எழுந்து உட்கார்ந்து, அதை என் கையிலிருந்து வாங்கி, பிள்ளை கிடைக்கும் இடம் வரைக்கும் ஓரிடத்திலும் நிறுத்தாமல் படித்தாள்.