மயிலாத்தா அக்காவின் முட்டையை நான் தின்ற கதை

போன புதன்கிழமை ஆஸ்பத்திரியில் என் மானம் போனது.

மயிலாத்தா அக்காவை எடை பார்க்க அழைத்துப் போயிருந்தேன். மில்லில் வேலை பார்த்தவர். டி.பி. வந்து இப்போது வீட்டோடு இருக்கிறார். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார், உடம்புதான் தேறவில்லை. எடை மெஷினில் முள், போன மாதம் நின்ற இடத்தை விட்டு நகரவேயில்லை. நான் சும்மா இருந்திருக்கலாம். நானும் ஏறிப் பார்த்தேன்... இரண்டு கிலோ கூடியிருக்கிறேன்!

நர்ஸம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்க, முட்டையும் சத்து உருண்டையும் அவங்களுக்குத்தானுங்க கொண்டு போறீங்க?"

என்ன சொல்ல? எங்கள் கோயில் பூஜைக் குழு சார்பில் வாராவாரம் கொண்டு போகிறவள் நான். வாராவாரம் தின்கிறவளும் நானேதான்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாதா? வந்தவரை வெறும் வாயோடு அனுப்ப மாட்டார்கள். நான் போய் உட்கார்ந்ததும், நான் கொண்டுபோன முட்டையே வெந்து, மிளகு தூவி, என் முன்னால் வந்துவிடும். முதல் வாரம் வேண்டாமென்றேன். அக்கா தட்டைப் பார்த்தபடி மெல்லக் கேட்டார்.

"தொத்திக்கும்னு பயமுங்களா, அம்மணி?"

நோய் வந்ததிலிருந்து அவருடைய நாத்தனார்கூட அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிப்பதில்லையாம். அப்புறம் எப்படி மறுப்பது? தின்றேன்.

தந்திரம் செய்யாமலும் இல்லை. ஒரு வாரம், கிருத்திகை விரதம் என்றேன். அக்காவும் எனக்குத் துணையாக விரதம் இருந்துவிட்டார் — மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு! அடுத்த வாரம் உருண்டைகளை முருகன் காலடியில் வைத்தெடுத்து, பிரசாதம் என்று கொடுத்தேன். பிரசாதத்தைத் தனியாகத் தின்னலாமா? தான் கொடுத்தால் வாங்க மாட்டார்கள் என்று, என்னையே வீதி முழுக்கக் கொடுத்துவரச் சொல்லிவிட்டார். திரும்பி வந்தபோது டப்பா காலி. என் சாமர்த்தியம் முருகனுக்கே பிடிக்கவில்லை போலும்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் ஒப்புக்கொண்டேன். "அக்கா, உங்க சத்தையெல்லாம் நான் தின்னுபோட்டேனுங்க."

"தனியா உக்காந்து தின்னா எனக்கு எறங்கறதில்லீங்க அம்மணி," என்றார் அக்கா.

அட, இதை இத்தனை நாள் கேட்காமல் விட்டேனே!

இந்த வாரம் என் வீட்டுத் தயிர்ச்சோற்றை டிபன் கேரியரில் கட்டிக்கொண்டு போனேன். எதிரெதிரே உட்கார்ந்தோம். என் சோறு எனக்கு, அவர் முட்டை அவருக்கு. நாத்தனாரைத் திட்டிக்கொண்டே இரண்டு முட்டையையும் ஒரு உருண்டையையும் முடித்துவிட்டார்.

கிளம்பும்போது கேட்டார்: "நாளைக்கு யாருங்க வருவாங்க?"

எங்கள் குழுவில் முட்டை வாங்க ஆள் உண்டு, உருண்டை பிடிக்க ஆள் உண்டு. கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவேயில்லை.

சிங்காநல்லூர்ப் பக்கம் மத்தியானத்தில் சும்மா இருக்கும் வாசகிகள் யாராவது உண்டா? பயம் வேண்டாம், நர்ஸம்மாவிடம் கேட்டுவிட்டேன்; ஒழுங்காக மாத்திரை போடுவதால் இனி தொற்றாதாம்.

ஆனால் ஒன்று... சோறு உங்கள் வீட்டுடையதாக இருக்கட்டும்!