மார்க்கிசாக் கொடியும் கருவண்டும்

எண்பதுகளில் மலேசியாவின் சுங்கை வேயில் நாங்கள் இருந்த வீட்டின் முன்னால் அப்பா ஒரு கொட்டகை போட்டார். லீவு நாட்களில் தானே ஆணி அடித்துக் கட்டியது. மோட்டார் சைக்கிளை அதற்கடியில் நிறுத்திவிட்டு, சற்றுத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பார்.

கொஞ்ச நாளில் உத்தரத்தில் விரல் நுழைகிற அளவுக்கு வட்ட வட்டமாக ஓட்டைகள் விழுந்தன. கட்டைவிரல் பருமனில் கருவண்டுகள் அதற்குள் போவதும் வருவதுமாக இருந்தன. மோட்டார் சைக்கிள் சீட்டில் தினமும் மரத்தூள்.

"எதுக்கும் பிரயோஜனம் இல்லாத ஜென்மம்," என்றார் அப்பா. ஓட்டைகளில் மண்ணெண்ணெய் ஊற்றி, சிமெண்ட் வைத்து அடைத்தார். பக்கத்து வீட்டுச் சீன ஆன்டியின் கோழிக் கொட்டகையிலும் ஓட்டைகள் இருந்தன. யாரும் கேட்காமலே போய் அதையும் அடைத்துக் கொடுத்தார்.

பின்வேலியில் எங்களுக்கு ஒரு மார்க்கிசாக் கொடி, பேஷன் புரூட் என்பார்களே அது, ஆன்டிக்கு ஒன்று. அந்த மஞ்சள் பழத்தைச் சீனி போட்டுக் கரைத்து, வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா கொடுப்பார். அந்த வருஷம் கொடி நிறையப் பூத்தது. மத்தியானம் விரிந்த பூ ராத்திரிக்குள் சுருங்கி, பிறகு உதிர்ந்தது. பிஞ்சு பிடிக்கவில்லை. அப்பா உரம் போட்டார். இலை மட்டும் பெருத்தது.

ஆன்டி வேலிக்கு வந்தார். அவரும் அப்பாவும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள்.

"கும்பாங் சுடா தாடா லா," என்றார். வண்டே இல்லையே, காய் எப்படிப் பிடிக்கும் என்று கேட்டார்.

தேனீ வருகிறதே என்று அப்பா காட்டினார். வரத்தான் வந்தது. ஆனால் மார்க்கிசாப் பூவில் மகரந்தம் உயரத்தில் நிற்கும். தேனீ சின்னது, கீழே நுழைந்து தேனைக் குடித்துவிட்டுப் போய்விடும். கருவண்டின் முதுகுதான் மேலே உரசும். அதோடு, எங்கள் கொடியின் மகரந்தம் எங்கள் பூவுக்கே உதவாது. அடுத்த கொடியிலிருந்து வர வேண்டும். பூவைப் பிய்த்துப் பார்த்தும், தப்புத் தப்பாகச் செய்து பார்த்தும் இதையெல்லாம் தெரிந்துகொண்டோம்.

நான் அப்போது எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில், மைக்ராஸ்கோப்பில் பார்த்து மெல்லிய கம்பி ஒட்டும் வேலையில் இருந்தேன்.

"உனக்குத்தான்மா கை நடுங்காது," என்று மகரந்தம் தடவ ஒரு சின்னப் பிரஷ்ஷைக் கொடுத்தார் அப்பா.

காலை ஷிப்ட் முடிந்து வந்ததும், யூனிபார்மைக்கூட மாற்றாமல் பிரஷ்ஷோடு வேலிக்குப் போவேன். ஆன்டி வீட்டுப் பூவைத் தொட்டு எங்கள் பூவில் தடவ வேண்டும், எங்களுடையதைத் தொட்டு அவருடையதில். வண்டு போகிற போக்கில் செய்கிற காரியம். எனக்கு முதுகு வலித்தது. பாதி நாள் மழை வந்து எல்லாவற்றையும் கழுவிவிட்டுப் போனது.

"நாளைக்கு நீங்களே செய்ங்கப்பா," என்றேன்.

செய்தார். அவர் கை பட்டதில் பூ காம்போடு ஒடிந்தது.

"எப்படித்தான் செய்யுதோ," என்றார், கூட வேலை செய்கிற ஆளைப் பற்றிச் சொல்வதுபோல.

அடுத்த லீவு நாளில் மிச்சப் பலகைகளை வேலியில் கட்டித் தொங்கவிட்டார், வண்டு வந்து குடியேறட்டும் என்று. ஆன்டியின் கோழிக் கொட்டகையில் தான் வைத்த சிமெண்டைத் தானே ஸ்க்ரூ டிரைவரால் தோண்டி எடுத்தார். மாதக்கணக்கில் ஒன்றும் வரவில்லை. பிறகு ஒருநாள் ஒரு வண்டு வந்தது. பலகைகளை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. பிடிக்கவில்லை போலிருக்கிறது. நேராகப் போய் அப்பாவின் கொட்டகை உத்தரத்தைத் துளைக்க ஆரம்பித்தது. அம்மா அப்பாவைப் பார்த்தார். அப்பா உள்ளே போய்ப் பேப்பர் படித்தார்.

அதற்கு முன்பே என் கையால் பிடித்த காய்கள் சில பழுத்திருந்தன. வெளியே நன்றாக இருக்கும், அறுத்தால் பாதி வெறும் ஓடு. வண்டு வந்தபின் காய்த்தவை கையில் கனத்தன, அறுத்தால் சாறு வழிந்தது. ஆன்டி ஒன்றை நறுக்கிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நீ பேக்டரியிலேயே இரு லா," என்றார் மலாயில்.

இருந்தேன், கல்யாணம் ஆகும்வரை.