நீராளரும் அம்மைப்பாலும்

மாமா வாசித்துக் காட்டிய புத்தகத்தின்படி, நீராளர் என்றொரு இனம் எங்கள் கடலுக்கடியில் வாழ்ந்துகொண்டிருந்தது. அவர்களின் பூட்டன்மார் நம்மைப் போல மனிதர்கள்தாம். சங்கு குளிக்க ஆள் போதாமல், வெள்ளைக்கார டாக்குத்தர்மார் அவர்களைப் பிடித்துப் புயத்தில் கீறி, ஏதோவொரு பாலை விட்டுக் கட்டினார்களாம். மகன்மாருக்கு விரலிடையில் தோல் வளர்ந்தது. பேரன்மாருக்குக் கழுத்தில் செவுள் பிளந்தது. அதற்கடுத்த பிள்ளைகளுக்குக் கரையில் மூச்சே முட்டியது.

எனக்கு மிகவும் பிடித்தது நீராளரின் தைப்பொங்கல். மனிதராயிருந்த ஞாபகத்தில் கடலடியில் மூன்று கல் வைத்துப் பானை ஏற்றுவார்கள். நெருப்புப் பிடிக்காது. என்றாலும் பொங்கும் பொங்கும் என்று பானையைச் சுற்றிக் காத்திருப்பார்கள். அந்த இடம் வரும்போது மாமா குரலைத் தாழ்த்திவிடுவார்.

மாமா அம்மாவின் தம்பி. உரும்பிராயில் எங்கள் புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க வருவார். கிணற்றுத் துலாவின் மேலே முன்னும் பின்னும் நடந்து மிதிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பாதிரியார் ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது ஏலத்தில் போன சாமான்களுக்குள் மாமாவுக்குக் கிடைத்தது அந்தத் தடித்த இங்கிலீசுப் புத்தகம். அதில் செம்புத் தலையும் கண்ணாடிக் கண்ணுமாகக் கடலடியில் ஒருவன் நின்றான். உவன்தான் நீராளரின் தலைவன் என்றார் மாமா. இங்கிலீசைப் பார்த்து நேரே தமிழில் வாசிப்பார், ஒருநாளும் தடக்கியதில்லை. ஐயாவும் அம்மாவும் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருவிரலை அமத்துகிற வீட்டில் இப்படியொருவர் இருப்பது எனக்குப் பெரிய பெருமை.

நான் இரண்டாம் வகுப்பிலிருந்தபோது, நாளைக்கு ஆஸ்பத்திரி அப்போதிக்கரி வந்து, அம்மை நோய் வராமலிருக்க எல்லோருக்கும் அம்மைப்பால் கட்டுவார் என்று வாத்தியார் சொன்னார். புயத்தில் சின்னதாகக் கீறிப் பாலை வைப்பாராம். நீராளரின் பூட்டன்மாருக்குச் செய்ததும் அதுதானே.

மறுநாள் நான் போய்க் கிடந்தது புகையிலை போடும் குடிலுக்குள். மத்தியானம் வாத்தியாரே வீடு தேடி வந்தார். அப்போதிக்கரி நாளைக்கும் வருவார், அதற்கும் பிள்ளை வராவிட்டால் பள்ளிக்கூட இடாப்பில் பேரை வெட்டவேண்டி வரும் என்றார். வெட்டினால் வெட்டட்டும், தோட்டத்துக்கு ஒரு கை கூடும் என்றார் ஐயா. அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அம்மாவுக்குப் பயம். அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி மாமாவை என்னிடம் அனுப்பினார்.

குடிலுக்குள் குனிந்து வந்த மாமா, பள்ளிக்கூடம் கசக்குதோ என்று கேட்டார்.

"செவுள் வந்தால் அம்மாவோடை இருக்கேலாதே, மாமா."

சிரிக்க வாயெடுத்தவர் சிரிக்கவில்லை. சால்வையை விலக்கிப் புயத்தைக் காட்டினார். இரண்டு வட்டத் தழும்புகள். "எனக்கும் கட்டினவை. நான் என்ன கடலுக்கையோ கிடக்கிறன்?"

நான் பின்வாங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். "அப்ப நீங்களும் நீராளரோ?"

மாமா எனக்கருகில் குந்தினார். "எழுத்துத் தெரிஞ்சவனிலை உந்தப் பால் ஏறாதடா. நீ அனா ஆவன்னா சொல்லிக்கொண்டு நில். ஒண்டும் செய்யாது."

மறுநாள் பள்ளிக்கூடத்தில் அப்படியே நின்றேன். அப்போதிக்கரி கீறும்போது கடைசி எழுத்தான னன்னா வரைக்கும் கத்தி முடித்தேன். படிப்பில் இவ்வளவு ஆசையுள்ள பிள்ளையைத் தான் கண்டதில்லை என்று அவர் வாத்தியாரிடம் சொன்னாராம். பேர் வெட்டுப்படவில்லை. ஆனாலும் ஒரு மாதம் தினமும் கால்விரல் இடுக்குகளைப் பார்த்துக்கொண்டேன்.

ஐந்தாறு வருடம் கழித்து அந்தப் புத்தகத்தை நானே வாசித்தேன். மூழ்கிய கப்பல்களைக் கிளப்புவது பற்றியது. படத்திலிருந்தவன் கடலுக்குள் சுழியோடுகிறவன், செம்புத் தலை அவன் போட்டிருந்த கவசம். நீராளருமில்லை, பொங்கலுமில்லை. அம்மாவிடம் கேட்டேன். தம்பி பள்ளிக்கூட வாசல் மிதித்தவனில்லையே என்றார்.

ஆனால் அம்மைப்பால் கட்டிய அன்று எனக்கு அது தெரியாது. கட்டுப்போட்ட கையோடு கிணற்றடிக்கு ஓடினேன். மாமா வெறும் மேலோடு, துலாவில் ஏற நின்றார்.

"நல்ல காலம் மாமா, உங்களுக்கும் எழுத்துத் தெரிஞ்சது."

"ஓம்" என்றார் மாமா.

பிறகு, வேலியில் போட்டிருந்த சால்வையை எடுத்துத் தழும்புகள் தெரியாமல் புயத்தைச் சுற்றி இறுக்கிக்கொண்டு மேலே ஏறினார். சால்வையோடு ஒருவரும் துலா மிதிப்பதில்லை. வெயில் சுள்ளென்று எரிந்துகொண்டிருந்தது. மாமாவுக்குக் குளிருதாக்கும் என்று நினைத்தேன்.