மணிராஜின் வரைபடமும் எபியின் வயிற்றெரிச்சலும்

எபிக்கு மணிராஜைப் பார்த்தால் வயிறு எரியும். இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. பாளையங்கோட்டையை ஒட்டிய அந்தத் தனியார் பாலிடெக்னிக்கில் கேன்டீன் பூனைக்குக்கூட அது தெரியும். எபி மின்னியல் துறையில் பழைய ஆள். அப்பா வாத்தியார், தாத்தா மிஷன் பள்ளி ஹெட்மாஸ்டர். மணிராஜோ சீவலப்பேரியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவன். வீட்டில் எல்லோரும் வயல் வேலைக்குப் போகிறவர்கள். நேற்று வேலைக்குச் சேர்ந்தவன். அதற்குள் துறைத்தலைவர் தேவதாசன் சார் எதற்கெடுத்தாலும் "மணியைக் கூப்பிடுங்க" என்கிறார்.

துறைக்குப் புதிதாக மோட்டார் ஆய்வகம் வரப்போகிறது. பொறுப்பாளர் நாற்காலியில் எபி மனசுக்குள் உட்கார்ந்தே விட்டான். அந்த நேரம் பார்த்து சேரன்மகாதேவியிலிருந்து பூதலிங்கம் அண்ணாச்சி வந்தார். நாற்றுத் தட்டில் நெல் விதை தூவும் இயந்திரம் செய்கிறவர். அதில் இருப்பது ஸ்டெப்பர் மோட்டார். மற்ற மோட்டாரைப் போல் சும்மா சுற்றாமல், ஒவ்வொரு மின்துடிப்புக்கும் ஒரே ஒரு எட்டு எடுத்து வைக்கும். அளவுக்கு மீறி விரட்டினால் எட்டைத் தவறவிடும், விதை கண்ட இடத்தில் விழும்.

"எதுவரைக்கும் வெரட்டலாம்னு சொல்லுங்க, அது போதும்," என்றார் அண்ணாச்சி.

மணிராஜ் மோட்டாரைத் தொடவே இல்லை. கணினியில் அதை ஒரு மின்சுற்றாக வரைந்தான். உள்ளே கம்பிச் சுருளாக இருக்கும் காயிலின் மின்தடைக்கு ஒரு ரெசிஸ்டர், மின்சாரத்தைச் சட்டென்று ஏறவிடாத ஒரு இண்டக்டர், சுழலும் மோட்டார் எதிர்த்துத் தள்ளும் மின்னழுத்தத்துக்கு ஒரு மின்மூலம். சுழலும் கனம் வேகத்தைச் சேர்த்துவைப்பதுபோல் மின்சாரத்தைச் சேர்த்துவைக்கிற கெபாசிட்டர்கூட ஒன்று! உத்தேச அளவுகளைப் போட்டு ஓடவிட்டால் திரையில் மோட்டார் எட்டு வைத்தது. கனத்தைக் கெபாசிட்டராக நினைக்கத் தனக்கு ஏன் தோன்றவில்லை என்று எபிக்கு அன்று சோறு இறங்கவில்லை.

"அந்தப் பிள்ளைக்கு மூளை இருக்கு, இருந்துட்டுப் போட்டுமே," என்றாள் மனைவி ரீபா. அவள் வைத்த மீன்குழம்பின் மேலும் எபிக்குக் கோபம் வந்தது.

திரை மோட்டாருக்கு அசல் மோட்டாரின் அளவுகள் வேண்டும். அளக்கிற மீட்டர் எபியின் பீரோவில் இருக்கும். வேறு யாரும் அதைத் தொடக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம்.

"அண்ணே, காயிலை அளந்து சொல்லுதியளா?" என்று மணிராஜ் வந்து நின்றான்.

எபி வேண்டாவெறுப்பாக இரண்டு கம்பியைக் கவ்வினான், வந்த எண்களைச் சொன்னான், "போதுமாலே?" என்று பீரோவைப் பூட்டினான்.

அண்ணாச்சி பார்க்க வருவதற்கு முந்தின சாயங்காலம், மோட்டாரை மேசையில் பொருத்தும்போதுதான் எபிக்கு உறைத்தது. ஒவ்வொரு காயிலுக்கும் நடுவிலிருந்து ஒரு கம்பி பிரிந்து வருகிற மோட்டார் அது. ஓடும்போது பாதிக் காயிலில்தான் மின்சாரம் பாயும். எபி அளந்ததோ முனைக்கு முனை, முழுக் காயிலை. ரெசிஸ்டன்ஸ் இரண்டு மடங்கு, இண்டக்டன்ஸ் நான்கு மடங்கு. அந்த அளவை வைத்து மணிராஜ் வரைந்த படம், மோட்டார் சீக்கிரமே திணறி நின்றுவிடும் என்று பொய் சொல்லும்.

சொல்லிவிடலாம். மணிராஜ் பக்கத்தில்தான் பையை மாட்டிக்கொண்டிருந்தான். சொன்னால் தப்பு எபியின் தலையில், பேர் மணிராஜுக்கு.

"வாரேண்ணே."

"பைய போ," என்றான் எபி. அவ்வளவுதான். உள்ளே குளுகுளுவென்று இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஆனால் குளுகுளுப்புதான் தூக்கல்.

மறுநாள் திரையில் மோட்டார் நின்றுபோன வேகத்துக்கு அசல் மோட்டாரைக் கொண்டுவந்தார்கள். அது நிற்கவில்லை. இன்னும் விரட்டினார்கள். ஜோராக ஓடியது.

"நின்னுரும்னு சொன்னிய தம்பி? இது களக்காடு வரைக்கும் ஓடும் போலிருக்கே!" என்று சிரித்தார் அண்ணாச்சி.

தேவதாசன் சாரின் முகம் சுருங்கியது. "மணி, அளவெல்லாம் எங்கேருந்து எடுத்தே?"

மணிராஜ் குனிந்து மோட்டாரின் கம்பிகளைப் பார்த்தான். நடுவிலிருந்து வரும் கம்பியை விரலால் தொட்டுப் பார்த்தான். எபி பக்கம் திரும்பவில்லை.

"எந்த ரெண்டு கம்பிக்கு நடுவுலன்னு நான் கவனிக்கல சார். என் தப்புதான்."

உட்கார்ந்து ரெசிஸ்டன்ஸைப் பாதியாக்கினான், இண்டக்டன்ஸைக் காலாக்கினான், மறுபடி ஓடவிட்டான். திரை மோட்டார் இப்போது வெகுதூரம் தாக்குப்பிடித்து ஓரிடத்தில் நின்றது. அசலை அந்த வேகத்துக்கு விரட்டினார்கள். கிர்ரென்று முனகி அதுவும் அங்கேயே நின்றது. அண்ணாச்சி கைதட்டினார். புது ஆய்வகத்தை மணியே பார்த்துக்கொள்ளட்டும் என்று சார் அங்கேயே சொல்லிவிட்டார்.

எல்லோரும் போன பிறகு எபி கேட்டான்: "ஏலே, நான் தந்த அளவுன்னு ஏன் சொல்லல?"

"நீங்க அளந்தது சரிதானே அண்ணே. கேட்டுக்கிடாம போட்டது நான்லா."

நேற்றே எனக்குத் தெரியும் என்பது எபியின் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டான். மணிராஜின் முகத்தில் ஏதாவது குத்தல், ஏதாவது கேலி இருக்கிறதா என்று தேடிப் பார்த்தான். இல்லை. இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

இத்தனை நாள் மணிராஜின் மூளையை நினைத்துத்தான் வயிறு எரிந்தது. அதற்கு ஈடாகச் சொல்ல எபிக்கு அப்பா, தாத்தா, அனுபவம் என்று என்னவாவது இருந்தது. இன்று முதல் அவன் மனசை நினைத்தும் எரிய வேண்டும். அதற்கு ஈடாகச் சொல்ல எபியிடம் ஒன்றுமே இல்லை.