திருக்குடும்பத்தோடு ரயில் ஏறினேன்

கணவர் வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும் சத்தம் கேட்டாலே மகளை அறைக்குள் அனுப்பிவிடுவேன். ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் பல வருடம் அப்படித்தான் வாழ்ந்தேன். அடி, ஏச்சு, பிறகு மன்னிப்பு. ஞாயிற்றுக்கிழமை நல்ல சேலை உடுத்திக்கொண்டு பூசைக்குப் போவோம். எங்கள் செபக் குழுவில் மூத்தவர் ஒருவரிடம் மட்டும் சொன்னேன்.

"கொஞ்சம் பொறும் பிள்ளை. செபம் செய்யும். அவர் திருந்துவார்."

நானும் விடாமல் செபித்தேன். ஆண்டவரே, இவரைத் திருத்தும். அவர் திருந்தவில்லை. போன கார்த்திகையில் எங்கள் மகள் ஜெனியின் கன்னத்திலும் அந்தக் கை விழுந்தது. அவளுக்கு ஏழு வயது. ஐயோ, பிள்ளை அழக்கூட இல்லை.

அந்தக் கிழமை திருக்குடும்பச் சுரூபம், கையடக்கமான ஒரு சிலை, எங்கள் வீட்டில் இருந்தது. எங்கள் குழுவில் அது வீடு வீடாகப் போகும். ஒரு கிழமை, ஏழு நாளும், வைத்துச் செபித்துவிட்டு, சனிக்கிழமை அடுத்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கழுதையில் மாதா, மடியில் பாலன், பக்கத்தில் சூசையப்பர். எகிப்துக்கு ஓடும் கோலம்.

அதன் முன்னே முழங்காலில் இருந்து, வழக்கம்போல இவரைத் திருத்தும் என்றுதான் தொடங்கினேன். பாதியில் நிறுத்திவிட்டேன். பாலனைக் கொல்லத் தேடிய ஏரோது அரசன் திருந்தும்வரை பொறுத்திரு என்று சூசையப்பருக்கு வானதூதர் சொல்லவில்லையே! பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஓடு என்றல்லவா சொன்னார்? தன் மகனையே தப்பவைத்த கடவுள், என் மகளை மட்டும் அடிவாங்கச் சொல்வாரா? அன்று செபத்தை மாற்றினேன். ஆண்டவரே, எங்களுக்கு வழி காட்டும்.

வழி கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது. சுரூபம் அடுத்ததாக, ரயிலில் ஒரு மணித்தியாலம் தள்ளிக் கார்ல்ஸ்ரூஹேயில் இருக்கும் எங்கள் குழு ஜெயந்தி அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். என்னைத் தனியாகக் கடைக்கும் விடாத மனிதர், சனிக்கிழமை வேலைக்கு வெளிக்கிடும்போது, "கெதியா குடுத்திட்டு வா" என்று அவசரப்படுத்தினார். சுரூபம் என்றால் அவருக்கும் ஒரு பயம்.

ஜெனியின் பள்ளிக்கூடப் பையில் உடுப்புகளையும் பாஸ்போர்ட்டுகளையும் வைத்தேன். சுரூபத்தைத் துவாயில் சுற்றி மடியில் வைத்தபடி ரயிலில் இருந்தேன். பயந்தேன்தான். ஆனாலும் மனம் அமைதியாக இருந்தது.

ஜெயந்தி அக்கா கதவைத் திறந்து, என் முகத்தையும் பிள்ளையின் கன்னத்தையும் பார்த்தார். சுரூபத்தை வாங்கிக்கொண்டார்.

"பிள்ளை சாப்பிட்டதோ?"

"இல்லை அக்கா."

"உள்ள வாங்கோ. நீங்கள் இனி அங்க திரும்பிப் போக ஏலாது."

நான் ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை. அவரைக் கட்டிப்பிடித்து அழுது தீர்த்தேன்.

மறுநாளே எங்களைப் பெண்கள் காப்பகத்தில் சேர்த்தார். கணவர் தேடி வந்தபோது அக்கா வீட்டில் சுரூபம்தான் இருந்தது, நாங்கள் இல்லை.

இப்போது வேறொரு நகரத்தில் இருக்கிறோம். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன், குறை நினைக்காதீர்கள். முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை பழகுகிறேன். போன கிழமை எங்கள் வீட்டுக் குசினியில் ஒரு கிளாஸ் விழுந்து உடைந்தது. முன்பென்றால் ஜெனி கட்டிலுக்கடியில் போய் ஒளிந்திருப்பாள். அன்றோ வீடு அதிரக் கத்தினாள்.

"அம்மா, நான் கிளாஸை உடைச்சுப்போட்டன்! செருப்புப் போட்டுக்கொண்டு வாங்கோ!"

இதைவிட அற்புதம் எனக்கு வேண்டாம், ஆண்டவரே, உமக்கு நன்றி.

என்னைப்போல் இருக்கும் சகோதரிகளே, பொறுமையை மட்டும் கேட்டுச் செபிக்காதீர்கள். வழியையும் கேளுங்கள். ஆண்டவர் காட்டினால் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நடங்கள். அவர் உங்களோடு கூட வருவார்.