சிக்னல் பெரட்டு

தேயிலத் தோட்டத்துல வரிசையா ஒட்டிக் கட்டின எங்க லயத்து வீடுங்களுக்கு மேலால ஒரு கம்பி போகுது. தோட்ட ஒபிஸுக்குப் போற இன்டர்நெட் கம்பி. காக்கா உக்காரத்தான் எங்களுக்கு அது ஒதவுது. ஒரே ஒரு மணி நேரம் ஒபிஸ்ல உக்காந்து பேச என் தங்கச்சிக்கு எடம் குடுங்கன்னு போய்க் கேட்டேன். "ஒருத்தருக்குக் குடுத்தா எல்லாரும் வருவாங்களே"ன்னாங்க. எல்லாருக்குமா கேட்டேன் நான்? வயித்தெரிச்சலோட திரும்பி வந்தேன்.

தங்கச்சிக்குக் கொழும்பு கம்பனி ஒண்ணுல வீடியோவுல இன்டர்வியூ வச்சிருந்தாங்க. எடுத்தாங்கன்னா வீட்டுல இருந்துகிட்டே கம்ப்யூட்டர்ல செய்ற வேல. ஸ்பிரிங்வெளி பக்கம் எங்க லயத்துல படிச்ச பொம்பளப் புள்ளைங்க முக்காவாசிப் பேரு கொழும்புத் துணிக்கடையிலதான் கால் கடுக்க நிக்குதுங்க. "இது மட்டும் கெடைச்சிட்டா நான் எங்கயும் போக மாட்டேண்ணே"ன்னு அவ சொன்னா. அவ போகக் கூடாதுன்னுதான் எனக்கும்.

நான் பதுளை டவுன்ல போன் திருத்துற கடையில வேல செய்றவன். அதனால லயத்துல சிக்னல் சமாச்சாரம் எல்லாம் என் தலையிலதான். பள்ளத்துல இருக்கிற ஒரு டவரத்தான் இந்தச் சுத்துவட்டாரமே நம்பிக் கெடக்குது. ஸ்கூல் மூடிக் கெடந்த காலத்துல, ஒரு புள்ள பாடம் படிக்கிற நேரம் பக்கத்துல நாலு பேரு படம் பாத்தா அதுக்கு டீச்சர் மொகமே தெரியாது. அப்ப நான் ஆரம்பிச்ச வழக்கம்தான் இது. காலையில சனங்க பெரட்டுக்கு, அதான் அன்னன்னைக்கு வேலைக்குப் பேர் குடுக்கிற எடத்துக்கு, போறதுக்கு முன்னாடி நான் வாசல் வாசலா போவேன். "இன்னிக்கு இன்ன வீட்டுப் புள்ளைக்குப் பரீட்ச. இத்தன மணிக்கு எல்லாரும் டேட்டாவ அணைங்க." சனங்க அதுக்கு சிக்னல் பெரட்டுன்னு பேரு வச்சாங்க. சும்மா சொல்லக் கூடாது, மலையில கொழுந்து எடுத்துகிட்டு நிக்கிறவங்ககூட நேரம் பாத்து அணைப்பாங்க.

ஒரே ஒரு தடவ தொங்கல் வீட்டு அக்கா மறந்து நாடகம் பாத்துட்டாங்க. எங்க வீட்டுக்கு அடுத்த வீடு, லயத்தோட கடைசி வீடு அவங்களுது. நான் விட்டேனா? வாசல்ல நின்னு, லயமே வேடிக்க பாக்க, "ஒரு புள்ளையோட வாழ்க்கைய கெடுக்குறீங்களே, மனுசிதானா நீங்க?"ன்னு கத்தினேன். என்னைய விடப் பதினஞ்சு வயசு மூத்தவங்க. "மன்னிச்சிருங்க தம்பி"ன்னு தலைய குனிஞ்சாங்க. டேட்டாவ எப்படி அணைக்கிறதுன்னு அன்னிக்கு நான்தான் அவங்களுக்குச் சொல்லிக் குடுத்தேன். அதுவும் கத்திக்கிட்டேதான்.

தங்கச்சி இன்டர்வியூவுக்கு ஒரு சிம்ம மட்டும் நம்பி இருக்க எனக்கு மனசு வரல. எங்க வீட்டு போன்ல ஒரு கம்பனி சிம், தொங்கல் வீட்டு அக்கா போன்ல வேற கம்பனி சிம். அவங்க வீட்டுக் கண்ணாடி ஜன்னல் டவரப் பாத்து இருக்கு. அந்த போன ஜன்னல்ல வச்சு ஹொட்ஸ்பொட் போட்டா அந்த போன் டேட்டா செவுத்தத் தாண்டி எங்க வீட்டுக்கு வரும். ரெண்டையும் சேத்து ஒண்ணா ஓட விடுற ஒரு புரோகிராம லெப்டொப்ல போட்டேன். மொகத்த ஒரு இணைப்புலயும் கொரல இன்னொண்ணுலயும் தனித்தனியா அனுப்பலாம். ஒண்ணு போனாலும் இன்னொண்ணு நிக்கும். அதுதான் புத்திசாலித்தனம்னு எனக்குத் தெரியும். ஆனா நான் ரெண்டையும் கலந்து விட்டேன். அப்பத்தான் தங்கச்சி மொகம் பளிச்சுன்னு தெரியும். லயத்துப் புள்ளன்னு எவனும் எளக்காரமா பாக்கக் கூடாதுன்னு எனக்கு ஒரு வீம்பு.

அன்னிக்குக் காலையில ஒரு வாசல் விடாம போனேன். "பத்து மணிக்கு அணைக்கணும். யாரா இருந்தாலும் சரி, ஒருத்தருக்கும் சலுகை கெடையாது!" தொங்கல் வீட்டு வாசல்லயும் அதையேதான் கத்தினேன். அந்த அக்கா எங்களுக்காகவே அன்னிக்கு வேலைக்குப் போகல. ஒம்பதரைக்கு அவங்க போன்ல ஹொட்ஸ்பொட் போட்டு ஜன்னல்ல வச்சு, "இது இங்கயே இருக்கட்டும், எடுக்காதீங்க"ன்னேன். எதுக்குன்னு சொல்லல. சொன்னா அவங்களுக்கு வெளங்கவா போகுதுன்னு நெனச்சேன்.

பத்து மணிக்குத் தங்கச்சி பேச ஆரம்பிச்சா. கண்ணாடி மாதிரி தெரிஞ்சா. மூணு நிமிசம் இருக்கும், ஒரு இணைப்பு செத்துப் போச்சு. மொகம் ஒறைஞ்சு போச்சு, கொரல் துண்டு துண்டா போகுது. அப்ப நான் என்ன செஞ்சிருக்கணும்? பக்கத்துலயே நின்னு கெமராவ அணைச்சிருக்கணும். மிச்சம் இருந்த ஒரு இணைப்பு கொரலுக்குப் போதும். ஆனா கோவம் வந்தா எனக்கு மூள எங்க வேல செய்யுது? "அந்தப் பொம்பள என்னத்தையோ நோண்டிட்டா"ன்னு வெளிய ஓடினேன்.

கதவுல பூட்டு. ஜன்னலுக்கு ஓடினேன். போன் நான் வச்ச எடத்துலயே, வச்ச மாதிரியே நின்னுச்சு. எட்டித் தொட முடியாம கண்ணாடி. கல்லு ஒண்ண எடுத்து ஓங்கினேன். அதுக்குள்ள எங்க வீட்டுலருந்து, லெப்டொப்ல, அந்தக் கொழும்புக்காரர் பேசுறது கேட்டுச்சு. "வீட்டுல இணைப்பு இப்படி இருந்தா நீங்க எப்படி வேல செய்வீங்க? சரி, நாங்க அறிவிக்கிறோம்." தங்கச்சி "சேர், ஒரு நிமிசம் சேர், சேர்"னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. பொறகு அதுவும் நின்னுச்சு. நான் கல்ல கீழ போட்டேன்.

கொஞ்ச நேரத்துல அந்த அக்கா கோயில்லருந்து வந்தாங்க. கையில ஒரு பொட்டலம் திருநீறு. நேரா எங்க வீட்டுக்குள்ள வந்து, "புள்ள நல்லா பேசுச்சா தம்பி? எங்க வீட்டுக் கடிகாரத்துல சரியா பத்து மணிக்கு டேட்டாவ அணைச்சிட்டேன். நீங்க வச்ச எடத்துலருந்து போன எடுக்கவே இல்ல. கோயிலுக்குப் போய் புள்ள பேருல அர்ச்சன பண்ணிட்டு வாறேன்"னாங்க.

நான் வாயத் தொறந்தேன். என்ன சொல்லியிருப்பேனோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். தங்கச்சி முந்திக்கிட்டா. கண்ணத் தொடைச்சிட்டு எழும்பி, "நல்லா பேசினேங்கக்கா"ன்னு நெத்தியக் காட்டினா. அவங்க பூசி விட்டாங்க. அவங்க போனதுக்கப்புறம் என்னையப் பாத்து, "அண்ணே, நீங்க சொன்னதத்தான் அவங்க செஞ்சாங்க"ன்னா. அவ்வளவுதான்.

அந்தக் கம்பனி அறிவிக்கவே இல்ல. ரெண்டாவது மாசம் தங்கச்சிய பதுளையில கொழும்பு பஸ்ஸுல ஏத்தி விட்டேன். துணிக்கடைதான்.

அதுக்கப்புறம் நான் வாசல் வாசலா போறத விட்டுட்டேன். இப்ப அந்த அக்காதான் போறாங்க. கத்துறது இல்ல, வாசல்ல நின்னு பொறுமையா சொல்லுவாங்க. போன வாரம் எங்க வாசலுக்கும் வந்தாங்க. "மேல் வீட்டுப் புள்ளைக்குப் பரீட்ச தம்பி, ஒம்பது மணிக்கு அணைச்சிருங்க. நம்ம தங்கச்சிக்கு நான் அணைச்சேனே, அந்த மாதிரி."

"சரிங்கக்கா"ன்னு சொல்லிட்டு, அப்பவே அணைச்சேன்.